வெளிநாட்டு உதவியால் ஏழை நாடு தேறுமா? அடிக்கடி காதில் விழும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில், கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்குப் பக்கத்தில் ட்யூஷன் சென்டர் நடத்துகிறேன். அதற்கு முன், 2005 முதல் மூன்று வருடம், சுனாமி நிவாரணத்துக்கு வந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஊழியராக இருந்தேன். அது தெரிந்தவர்கள் கோயில் வாசலிலும் டீக்கடையிலும், ஒருமுறை கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் நேரத்திலும்கூட, ஒரே சந்தேகத்தைத்தான் பல மாதிரி கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன்.

வெளிநாட்டு உதவின்னா நம்ம கோயில் உண்டியல் மாதிரிதானே சாரே?

உண்டியல் மாதிரியும் உண்டு, வேறு மாதிரியும் உண்டு. தனி ஆட்களும் அறக்கட்டளைகளும் தருவது தர்மம். ஓர் அரசாங்கம் இன்னொரு நாட்டுக்கு மானியமாகவோ குறைந்த வட்டிக் கடனாகவோ தருவது அரசு உதவி. பணக்கார நாடுகள் எல்லாம் சேர்ந்து 2023-இல் கொடுத்த அரசு உதவி சுமார் 22,300 கோடி டாலர். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த நாடுகளின் வருமானத்தில் பார்த்தால் நூறு ரூபாய்க்கு 37 பைசா. 70 பைசா கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. சபையில் பேசி முடித்தது 1970-இல். நார்வே, சுவீடன், டென்மார்க் மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய நாடுகள்தான் அந்தப் பேச்சைக் காப்பாற்றின.

அந்த 37 பைசாவும் முழுசாக ஏழை நாட்டுக்குப் போவதில்லை. தங்கள் நாட்டுக்கே வந்து சேர்ந்த அகதிகளுக்குச் செய்யும் செலவையும் அதில்தான் எழுதுகிறார்கள், 2023 கணக்கில் ஏழில் ஒரு பங்கு அப்படி. இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே வருடம் வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் ஏழை, நடுத்தர நாடுகளில் இருக்கும் தங்கள் வீடுகளுக்கு அனுப்பியது சுமார் 65,600 கோடி டாலர், இந்தியாவுக்கு மட்டும் 12,000 கோடியை ஒட்டி. குமரி மாவட்டத்துக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெருவுக்கு நாலு கல்ஃப் வீடு இருக்கிறது.

அவ்வளவு சக்கரம் (பணம்) கொட்டியும் ஆப்பிரிக்கா அப்படியேதானே கெடக்கு?

அப்படியே இல்லை. சகாராவுக்குத் தெற்கே 1990-இல் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஐந்து வயதுக்குள் சுமார் 180 குழந்தைகள் இறந்தன. இப்போது எழுபதை ஒட்டி. இன்னும் கொடுமைதான், ஆனாலும் பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. கொட்டியது என்கிறீர்கள், அந்தப் பகுதிக்குப் போகும் உதவியை ஆள் கணக்கில் வகுத்தால் ஒருவருக்கு வருடத்துக்கு ஐம்பது டாலர் அளவில்தான் வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு நாடு பணக்கார நாடாக வேண்டும் என்பது, மகனின் பள்ளிக்கூட பீஸை யாரோ கட்டினார்கள் என்பதற்காக அவன் ஏன் இன்னும் வீடு கட்டவில்லை என்று கேட்கிற மாதிரி.

உதவி ஒரு நாட்டைப் பணக்கார நாடாக்கும் என்று நானும் நம்பவில்லை. அந்த வேலையை அந்த நாடுதான் செய்துகொள்ள வேண்டும். உதவியால் சில உயிர்கள், சில நோய்கள், சில படிப்புகள் என்று குறிப்பிட்ட காரியங்கள் நடக்கும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொன்னாலும் அது சின்ன விஷயம் இல்லை.

சரி, உருப்படியா நடந்த ஒண்ணைச் சொல்லுங்க பார்ப்போம்.

பெரியம்மை. அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் இரண்டும் சேர்ந்து நடத்திய வேலை அது. ரஷ்யா தடுப்பு மருந்தைக் கோடிக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975-இல், உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தது 1980-இல். அப்புறம் நரம்புச் சிலந்தி, அழுக்குத் தண்ணீர் வழியாக உடம்புக்குள் வரும் புழு நோய். 1986-இல் உலகம் முழுக்க சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது, 2023-இல் 14 பேர். அதற்கு ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. பெரும்பாலும் குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிக் கொடுப்பது மாதிரி வேலைகளால்தான் இவ்வளவும் நடந்தது.

எனக்குப் பிடித்தது உப்பு சர்க்கரைக் கரைசல். அமெரிக்கப் பணத்தில் நடந்த டாக்கா, கல்கத்தா ஆய்வுக்கூடங்களில் அது உருவானது. 1971-இல் வங்காளதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவி, குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனபிஸ் என்ற டாக்டர் டிரம் டிரம்மாகக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே வந்தது. அப்புறம் 1980 முதல் பத்து வருடம் பிராக் என்ற வங்காளதேச அமைப்பின் பெண்கள், வெளிநாட்டு நன்கொடையில், ஒரு கோடிக்கும் மேலான வீடுகளுக்கு நடந்தே போய்க் கற்றுக்கொடுத்தார்கள்: மூன்று விரல் உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் தண்ணீர்.

இதில் எனக்கு ஆச்சரியம் அவர்களின் சம்பள ஏற்பாடுதான். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்த்துக் காசு இல்லை. கொஞ்ச நாள் கழித்து வேறொரு ஆள் போய் அந்தத் தாய்மாரிடம் கேட்பார். அவர்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குக் கூலி. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில் என்பதால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொசுவலை குடுத்தா அதை வச்சு மீன்தானே பிடிப்பான்? நம்ம ஆளா இருந்தா பிடிப்பான்!

இதைக் கேட்டவர் நீரோடி என்ற மீனவ ஊர்க்காரர், அதனால் சிரித்துக்கொண்டே கேட்டார். பிடிக்கிறார்கள், உண்மைதான். ஆப்பிரிக்காவில் டாங்கனிக்கா ஏரிப் பக்கம் அப்படி நடப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சின்னக் கண்ணி என்பதால் குஞ்சு மீனும் போகும், அது தனிக் கவலை. ஆனால் பெரும்பாலான வலை கட்டிலுக்கு மேலேதான் தொங்குகிறது. 2000-க்கும் 2015-க்கும் நடுவில் ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட மலேரியாவில் மூன்றில் இரண்டு பங்கு கொசுவலையால்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டான், சின்னதாக ஒரு விலை வை என்று ஒரு வாதம் உண்டு. கென்யாவில் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். விலை கூடக் கூட வாங்குபவர்கள் மளமளவென்று குறைந்தார்கள். ஓசியில் வாங்கியவர்களும் காசு கொடுத்தவர்களைப் போலவே வலையைக் கட்டித்தான் தூங்கினார்கள்.

ரொக்கமாக் குடுத்தா குடிச்சே தீர்ப்பாம்லா?

எந்த ஊர் ஏழையைப் பற்றிப் பேசினாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். ரொக்க உதவி பற்றிப் பல நாடுகளில் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சாராயச் செலவும் புகையிலைச் செலவும் கூடவில்லை, சில இடங்களில் குறைந்திருக்கிறது. கூரை மாற்றுகிறார்கள், ஆடு வாங்குகிறார்கள், கடன் அடைக்கிறார்கள். தமிழ்நாட்டில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியது. உங்கள் வீட்டில் வாங்குகிறவர் அதை என்ன செய்கிறார் என்று கேளுங்கள். கேஸ் சிலிண்டர் என்பார்.

சுனாமிக்கு நம்ம கடப்புறத்துக்கு வந்த பணமெல்லாம் எங்கே போச்சு?

நிறைய வேலைக்குத்தான் போனது. வீடு வந்தது, தண்ணீர் வந்தது, பெயர்ந்து போன மணக்குடிப் பாலத்தை மறுபடி கட்டினார்கள். வெளி அரசாங்கங்கள் தருகிற நிவாரணத்தை அப்போது மத்திய அரசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இங்கிருந்து கப்பல் அனுப்பியது. உலக வங்கிக் கடனையும் தொண்டு நிறுவனப் பணத்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் பார்த்த கோளாறைச் சொல்கிறேன். முதல் மாதமே லாரி லாரியாகப் பழைய துணி வந்தது, கம்பளி ஸ்வெட்டர் உட்பட. வீட்டையும் ஆளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற பெண் முன்னால் அழுக்குச் சட்டையைக் குவித்தால் யார் எடுப்பார்கள்? ரோட்டோரத்தில் மழையில் நனைந்து நாறிக் கிடந்தது. அடுத்தது வள்ளம். எல்லா நிறுவனத்துக்கும் வள்ளம்தான் கொடுக்க ஆசை, ஏனென்றால் அதில் பெயர் எழுதலாம், போட்டோ எடுக்கலாம். நான் இருந்த நிறுவனத்தில் மார்ச் முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஒரே ஊரில் நாங்களும் இன்னும் இரண்டு நிறுவனங்களும் பட்டியல் எடுத்தோம், மூன்று பட்டியலையும் யாரும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. முன்பு வள்ளம் இல்லாமல் கூலிக்குப் போனவனுக்கும் வள்ளம் கிடைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தொழிலுக்குக் கூட வர ஆள் இல்லை, கடலில் மீன் கூடவும் இல்லை. கொஞ்சம் ஃபைபர் வள்ளங்கள் பாதி விலைக்குக் கேரளத்துப் பக்கம் போயின. மீன் விற்கப் போகிற பெண்களுக்கு அலுமினியக் கூடையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ள ஏற்பாடும் வேண்டும் என்று ஒரு பாட்டி கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

திருட்டு இல்லையா என்றால், இருந்தது. ஆனால் நான் பார்த்த நஷ்டத்தில் திருட்டுக்குச் சின்னப் பங்குதான். பாட்டிக்கு எங்கள் வேலை பிடிக்கவில்லை என்றால் அவரால் எங்களை என்ன செய்ய முடியும்? வார்டு கவுன்சிலரையாவது அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். நாங்கள் கணக்குச் சொன்னது பணம் அனுப்பிய ஊருக்கு. மேலே சொன்ன வங்காளத்துத் தாய்மார் ஏற்பாட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீண்டகரையில நார்வேக்காரன் வந்ததால கடல் கெட்டுதா, ஜனம் பிழைச்சுதா?

ரெண்டும்தான். தெரியாதவர்களுக்கு: 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் ஒப்பந்தம் போட்டு, அடுத்த வருடம் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரையில் மீன்பிடித் திட்டம் தொடங்கினார்கள். நார்வே வெளிநாட்டில் செய்த முதல் உதவித் திட்டமே அதுதான். வள்ளத்துக்கு எஞ்சின், ஐஸ் பிளான்ட், சுகாதார நிலையம், குடிதண்ணீர்க் குழாய். சுகாதாரமும் தண்ணீரும் நல்ல காரியம், அதில் யாருக்கும் சண்டை இல்லை.

ஏழை மீனவன் கூடுதலாகப் பிடித்து உள்ளூரில் சாப்பிடவும் விற்கவும் வேண்டும் என்பதுதான் முதலில் எண்ணம். ஆனால் இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கிடைத்த விலை எல்லாவற்றையும் திருப்பிவிட்டது. விசைப்படகும், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையும் பெருகின. கடலுக்கே போகாதவர்கள் முதல் போட்டுப் படகு வாங்கினார்கள். சிலர் கொழுத்தார்கள், ஏற்றுமதி பெருகியது. 1972-இல் நார்வே கிளம்பிப் போனது. அந்தப் பத்து வருடத்திலேயே கட்டுமரத்துக்காரனுக்குக் கிடைக்கும் மீன் குறைந்து, கடலுக்குள்ளேயே அடிதடி, கரையில் உண்ணாவிரதம். கேரள அரசு 1980-இல் சட்டம் போட்டு, 1988 முதல் மழைக்கால இழுவைமடித் தடை கொண்டுவந்தது. இப்போது அங்கே 52 நாள், நம் குமரி மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை 61 நாள். அந்தத் தடைக்காக நின்றவர்கள் மீனவர் சங்கங்கள்தான், எந்த வெளிநாட்டு நிபுணரும் இல்லை.

நார்வேயைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வருடம் இருந்து பார்த்தார்கள், பாதியில் ஓடவில்லை. ஆனால் எஞ்சினைக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த எஞ்சின் யார் கைக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்க முடியவில்லை. அதை விலையும் முதலும் தீர்மானித்தன.

மிஷனரிமார் வரலைன்னா நமக்கு ஆஸ்பத்திரி ஏது சாரே?

நெய்யூர் ஆஸ்பத்திரி தொடங்கியது 1838-இல், இந்த மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலம். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் என்ற ஆங்கிலேய டாக்டர், மலையிலிருந்து இறங்கித் தெற்கே சுற்றிப் பார்க்க வந்து, நெய்யூரில் ஒரே ஒரு சர்ஜன் நோயாளிக் கூட்டத்தில் முழி பிதுங்கி நிற்பதைப் பார்த்து இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். பல வருடம் இருந்தார். அந்த உதவிக்கு மதமாற்றம் என்ற நோக்கமும் இருந்ததா என்றால் இருந்தது, அவர்களே மறைக்கவில்லை. ஆனால் தங்கி இருந்தார்கள், பாஷை படித்தார்கள், உள்ளூர்ப் பிள்ளைகளை மருத்துவ வேலைக்குப் பழக்கினார்கள். ஆறு மாதத் திட்டத்துக்கு வந்து போகிற ஆளுக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

அமெரிக்காக்காரன் கோதுமையைக் குடுத்து நம்மை அடக்கி வச்சான்னு அப்பா சொல்வாரே?

அப்பா சொன்னதில் தப்பில்லை. பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டப்படி கோதுமை வந்தது. மழை பொய்த்த 1966-இல் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து இறங்கியது. அப்போதைய அதிபர் ஜான்சன் மொத்தமாக அனுமதிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டார். விவசாயக் கொள்கையை மாற்று என்பது ஒரு காரணம், வியட்நாம் போரை இந்தியா விமர்சித்த எரிச்சல் இன்னொன்று. பலர் பட்டினியில் சாகாமல் பிழைத்தது அந்தக் கோதுமையால்தான் என்பதும் உண்மை.

அந்த அவமானம்தான் வேகத்தைக் கொடுத்தது. விவசாய மந்திரி சி. சுப்பிரமணியம், நம்மைப் போலவே எல்லைக்காரர், பொள்ளாச்சிப் பக்கம், 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்கினார். அந்த விதைக்குப் பின்னாலும் அமெரிக்க அறக்கட்டளைப் பணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்.

1960-களில் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இன்னொரு ஞாபகம் இருக்கும்: கேர் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு கொடுத்த பால்பவுடர், கேரளப் பள்ளிகளில் மஞ்சள் மக்காச்சோள உப்புமாவு. தமிழ்நாட்டில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியது 1956-இல், எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கியது 1982-இல். வெளியாள் கொடுத்த பவுடர் நடுவில் கொஞ்ச காலம் கை கொடுத்தது. இன்று சோறு போடுவது நம் வரிப்பணம், முட்டை வரவில்லை என்றால் நாம் சத்தம் போடலாம்.

தலைவன் திருடனா இருந்தா உதவி அவன் பைக்குத்தானே போகும்?

போகும், போயிருக்கிறது. ஜைர் நாட்டை (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) மொபுட்டு 1965 முதல் 1997 வரை ஆண்டார். தன் சொந்த ஊர்க் காட்டுக்குள் கன்கார்டு விமானம் இறங்குகிற அளவுக்கு ஓடுதளம் போட்டார். பணம் கொடுத்தவர்களுக்கு அது தெரியும். கம்யூனிஸ்டு பக்கம் போகாமல் இருந்தால் சரி என்று கொடுத்தார்கள். அதை உதவி என்று எழுதினார்கள், நான் கூலி என்பேன். அதனால் உதவி என்ற சொல்லைப் பார்த்தவுடன் தடுப்பூசியையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கொரியாவும் உதவி வாங்கின நாடுதானே, அது மட்டும் எப்படி?

1950-களில் தென்கொரியாவின் இறக்குமதியில் பெரும்பகுதி அமெரிக்க உதவியில் நடந்தது. 2010-இல் அதே நாடு உதவி கொடுக்கும் நாடுகளின் குழுவில் உட்கார்ந்தது. இடையில் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள், எல்லாரையும் படிக்கவைத்தார்கள், ஏற்றுமதி செய்தார்கள். உதவி அந்த வண்டிக்கு டீசல். ஓட்டியது அவர்கள்.

2018 வெள்ளத்துக்கு எமிரேட்ஸ் 700 கோடி தரேன்னுச்சே, டெல்லி ஏன் தடுத்துச்சு?

700 கோடி என்று சொன்னது கேரள முதல்வர். தொகை எதுவும் முடிவாகவில்லை என்று பின்னால் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் நாட்டுத் தூதர் சொன்னார். வெளி அரசாங்கங்களிடம் பேரிடர் நிவாரணம் வாங்குவதில்லை என்பது சுனாமியிலிருந்து டெல்லி கடைப்பிடித்த வழக்கம், அதைத்தான் அன்றும் சொன்னார்கள். மானம் பெரிது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் துபாயில் வியர்வை சிந்துகிற மலையாளி அனுப்பும் பணம் இனிக்கிறது, அவன் வேலை பார்க்கிற நாடு தந்தால் கசக்கிறதா என்று அன்று பாறசாலையில் ஒரு டீக்கடைக்காரர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

2025-ல அமெரிக்கா உதவியை நிறுத்திடுச்சே, நல்லதுதானே? சொந்தக் கால்ல நிக்கட்டும்.

நிறுத்தலாம், எப்படி நிறுத்துகிறோம் என்று ஒன்று இருக்கிறது. சத்துணவு விஷயத்தில் கை மாறப் பல வருடம் பிடித்தது. இங்கே ஜனவரி 20-ஆம் தேதி உத்தரவு, ஜூலை 1-ஆம் தேதி, உதவியை நடத்திவந்த யுஎஸ்எய்டு என்ற அரசு நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். 2003-இல் அதிபர் புஷ் தொடங்கிய எய்ட்ஸ் மருந்துத் திட்டம் இரண்டரைக் கோடி உயிர்களைக் காப்பாற்றியதாக அமெரிக்க அரசே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மாத்திரையைத் தினமும் விடாமல் சாப்பிட வேண்டும். சுகர் மாத்திரை சாப்பிடுகிற உங்கள் மாமனாரிடம், நாளை முதல் சொந்தக் காலில் நில்லுங்கள் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னால் எப்படி இருக்கும்?

உதவி வேண்டாம், வியாபாரம் பண்ண விடுன்னா போதாதா?

பெரிய அளவில் நாட்டைத் தூக்குவது வியாபாரமும் வெளிநாட்டு வேலையும்தான், முதல் பதிலில் உள்ள கணக்கே போதும். ஆனால் அதிலும் சூழ்ச்சி உண்டு. ஹைட்டியில் அரிசி மீதான இறக்குமதி வரியை 1990-களில் மூன்று சதவீதத்துக்குக் குறைக்க வைத்தார்கள். மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி குவிந்தது, உள்ளூர் நெல் விவசாயி ஒழிந்தான். அந்தக் கொள்கை தப்பு என்று அப்போது அமெரிக்க அதிபராக இருந்த கிளின்டனே 2010-இல் ஒத்துக்கொண்டார். ஒரு கையால் வயலைக் கெடுத்துவிட்டு மறு கையால் அரிசி மூட்டை கொடுத்தால் அதை என்னவென்று சொல்வது?

வெளிநாட்டுப் பணம் வாங்குற தொண்டு நிறுவனம் எல்லாம் ஃபிராடுதானே? ஆபீஸ் செலவுக்கே போயிடுதாம்லா?

ஃபிராடும் உண்டு, நல்லதும் உண்டு. 2020-இல் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பணம் முதலில் டெல்லியில் ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வர வேண்டும், ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். கடைசி நிபந்தனையில் அடிபட்டது ஊருக்குள் நாலு பேரை வைத்து நடத்துகிற சின்னக் குழுக்கள்.

ஆபீஸ் செலவு குறைந்தால் நல்ல நிறுவனம் என்பதையும் நான் ஏற்கவில்லை. வங்காளத்துத் தாய்மாரிடம் திரும்பப் போய் விசாரித்தாரே அந்த ஆள், அவர் சம்பளம் நிர்வாகச் செலவுதான். எங்கள் மூன்று பட்டியலையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தரை நியமித்திருந்தால் அதுவும் நிர்வாகச் செலவுதான்.

எல்லாம் சரி, எங்கிட்ட ஐந்நூறு ரூபா இருக்கு. எங்கே குடுக்கட்டும்?

தெரிந்த ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருந்தால் நேராக அவர் கையில். நிறுவனத்துக்கு என்றால், போன வருடம் எது சரியாக வரவில்லை என்று கேளுங்கள். எல்லாமே பிரமாதம் என்றால் கிளம்பிவிடுங்கள். எங்கேயாவது வெள்ளம், புயல் என்றால் பணமாகக் கொடுங்கள், அதுவும் ஒரு மாதம் கழித்துக் கொஞ்சம் கொடுங்கள், அப்போதுதான் டிவிக்காரர்கள் போயிருப்பார்கள்.

பழைய துணி வேண்டாம். துவைத்து இஸ்திரி போட்டதாக இருந்தாலும் வேண்டாம்.